நாளறியும் கைக்கடிகாரம்

தேதி காட்டும் கைக்கடிகாரம் அணிந்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். ஏப்ரல் 30 கழிந்ததும் அது மே முதல் தேதியைக் காட்டாது; 31 என்றே காட்டி நிற்கும். 31 வரை எண்ணுவது ஒன்றே அதற்குத் தெரிந்த கணக்கு. ஆகவே பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய மாதங்களின் முடிவில், ஆண்டுக்கு ஐந்து முறை, நாமே அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. இத்தொல்லை இல்லாத கைக்கடிகாரம் ஒன்று உண்டு. மின்கலம் எதுவும் இன்றி, சுருள்வில்லாலும் பற்சக்கரங்களாலும் மட்டுமே இயங்கி, எம்மாதத்துக்கு எத்தனை நாள், எவ்வாண்டு லீப் வருஷம் என்பதை அது தானாகவே அறிந்து நடக்கிறது. அதன் உள்ளுறுப்புகள் கண்ணுக்குத் தெரியும்படி உலோகத்தைக் குடைந்து அமைத்த வகையோ, ஒரு வீட்டின் விலை பெறும். மாதச் சம்பளக்காரர்களாகிய நாம் அதை வாங்கப் போவதில்லை. ஆயினும் கண்ணாடிக்கு இப்பால் நின்று வியப்பதற்குக் கட்டணம் கிடையாது. விவரம் அறிந்து வியப்பது இன்னும் நல்லது.

உயிரற்ற உலோகம் நாட்காட்டியை எவ்வாறு நினைவில் வைக்கிறது? இதன் மையமான உறுப்பு, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையே முழுச் சுற்றுச் சுற்றும் ஒரு சிறு வட்டத் தகடு. நான்கு ஆண்டுகளுக்கு 48 மாதங்கள். தகட்டின் விளிம்பும் 48 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 31 நாள் கொண்ட 28 மாதங்களுக்கு விளிம்பு மேடாகவே இருக்கும். 30 நாள் கொண்ட 16 மாதங்களுக்குச் சிறு பள்ளம். சாதாரணப் பிப்ரவரிகள் மூன்றுக்கும் மிக ஆழமான பள்ளம்; லீப் வருஷப் பிப்ரவரிக்கு அதைவிடச் சற்று ஆழம் குறைந்த பள்ளம். இந்த மேடு பள்ளங்களே அக்கடிகாரத்தின் ஞாபகசக்தி.

இந்த விளிம்பின்மீது ஒரு நெம்புகோலின் அலகு படிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் நள்ளிரவை ஒட்டி அந்நெம்புகோல் அசைந்து, 31 பற்கள் உள்ள தேதிச் சக்கரத்தை ஒரு பல் அளவு தள்ளும். இது அன்றாட வேலை. மாதக் கடைசியில்தான் பள்ளத்தின் ஆழம் பேசத் தொடங்குகிறது. பள்ளம் எவ்வளவு ஆழமோ, நெம்புகோல் அவ்வளவு பின்வாங்கும். பின்வாங்கிய அளவுக்கு அதிகமாகத் தள்ளும். 30ஆம் தேதி இரவு இரண்டு பற்கள். பிப்ரவரி 29 இரவு மூன்று. பிப்ரவரி 28 இரவு ஒரே வீச்சில் நான்கு. ஆழத்தில் ஒரு மயிரிழை பிசகினால் மாதம் பிசகிவிடும். பன்னிரண்டே பங்குள்ள தகட்டை வைத்து, பிப்ரவரிக்கு மட்டும் தனியே ஒரு துணைச் சக்கரம் சேர்க்கும் முறையும் உண்டு. நமக்கென்னவோ 48 பங்குள்ள முறையே மனத்துக்கு உகந்தது; நான்கு ஆண்டுகளையும் ஒரு வட்டத்தில் ஒருங்கே காணலாம் அல்லவா?

சாதாரணமாக இவை யாவும் முகப்புத் தகட்டின் அடியில் மறைந்து கிடக்கும். அந்த முகப்பையும், சக்கரங்களைத் தாங்கும் தகடுகளின் பெரும்பகுதியையும் அறுத்து நீக்கி, தாங்குவதற்கு இன்றியமையாத எலும்பை மட்டும் விட்டுவைத்த கடிகாரத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்கெலிட்டன்’ என்கின்றனர். எலும்புக்கூடு என்று நேராகப் பெயர்த்தால் மங்கலமாக இல்லை. அகமதாபாத்தில் வாழும் அன்பர்கள் சிதி சையத் மசூதியின் கல் ஜாலியைப் பார்த்திருப்பார்கள். நாம் இதனை ஜாலிக் கடிகாரம் என்றே சொல்லிப் பார்க்கிறோம். அதே கலை, இங்கே மில்லிமீட்டர் கணக்கில்.

தகட்டில் துளையிட்டு, அதனுள் மெல்லிய ரம்பத்தை நுழைத்து, கோடு பிறழாமல் அறுக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு விளிம்பையும் சாய்வாக அராவி, ஜெண்ஷியன் என்னும் மலைச்செடியின் தண்டில் மெருகுப் பசை தடவித் தேய்க்கிறார்கள். இயந்திரத்தால் அறுக்கும் மலிவான வகைகளும் கடைகளில் உண்டு. வேறுபாடு காண உள்மூலைகளைப் பாருங்கள். சுழலும் கருவி புகுந்த மூலை வளைவாகவே முடியும். கூர்மையாகச் சந்திக்கும் பளபளப்பான உள்மூலை மனிதன் கையால் மட்டுமே வரும். இதில் ஒரு குறையும் உண்டு. குடைதல் மிகுந்தால், பின்னே சுழலும் சக்கரங்களுக்கிடையே முட்கள் மறைந்து, மணி பார்ப்பதே கடினமாகிவிடும். அத்தகைய கடிகாரங்கள் அழகாக இருப்பினும் நம் மதிப்பில் ஒரு படி கீழேதான்.

என்றும் பிழைபடாத நாட்காட்டியைச் சட்டைப்பைக் கடிகாரத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே அமைத்தவர் இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ். 1925இல் ஜெனீவாவின் பதேக் பிலிப் நிறுவனம் அதைக் கைக்கடிகாரத்துக்குக் கொண்டுவந்தது. பிறகு வந்தது சோதனை. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மலிவும் துல்லியமும் சேர்ந்து தாக்கியதில், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஸ்விட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலாளரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் வேலை இழந்தனர். அந்த இருண்ட காலத்தில்தான், வல்லே த ஜூ பள்ளத்தாக்கிலுள்ள ஒதெமார் பிகே நிறுவனத்தின் கலைஞர்கள் மூவர், வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் இந்நாட்காட்டியை 3.95 மில்லிமீட்டர் கனத்துக்குள் அடக்கினர். 1978இல் அது வெளிவந்தது. உலகமே இவ்விதக் கடிகாரம் இனி வேண்டாம் என்றிருந்த வேளையில் செய்தது அது. அந்த யந்திரத்தைப் பின்னாளில் குடைந்து அமைத்த கடிகாரங்களையே இன்று பலர் கண்கொட்டாமல் பார்க்கின்றனர். ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் யந்திரக் கடிகாரக் கலையை யுனெஸ்கோ 2020இல் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘நித்திய நாட்காட்டி’ என்று பொருள்படும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்த நித்தியம் சற்று உறுத்துகிறது. 1582இல் திருத்தப்பட்ட கிரிகோரிய முறைப்படி, 400ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகள் லீப் வருஷங்கள் அல்ல. 2000 வகுபட்டது, கடிகாரங்கள் தப்பின. 2100 வகுபடாது. அவ்வாண்டு பிப்ரவரி 28 நள்ளிரவில் இவற்றுள் மிகப் பெரும்பாலானவை, இல்லாத 29ஆம் தேதியைக் காட்டும். அவற்றைக் கையால் திருத்த வேண்டிவரும். 2024இல் ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் இதற்கும் வழி கண்டது. 400 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றும் சக்கரம் ஒன்றில் மூன்று பள்ளங்களை வைத்து, அந்த மூன்று நூற்றாண்டு ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்துவிட்டது.

ஊரிலிருந்து தினசரித் தாள் காலண்டரை வரவழைத்துச் சுவரில் மாட்டியிருக்கும் நம்மவர்க்கு ஒரு கேள்வி எழலாம்: தமிழ்த் தேதியை இக்கடிகாரம் காட்டுமா? 1957 மார்ச் 22 முதல் நம் அரசு ஏற்ற சக வருஷ நாட்காட்டியாயின் எளிது. அதன் மாதங்களுக்கு நாட்கள் வரையறுக்கப்பட்டவை. லீப் வருஷமும் ஆங்கில ஆண்டோடு இணைந்தே வரும். மேடு பள்ளங்களை மாற்றி வெட்டினால் போதும். தமிழ் மாதமோ சூரியன் ராசியில் புகும் வேளையைப் பொறுத்தது. அது ஆண்டுதோறும் சிறிது நகர்வதால், ஆனிக்கு ஓராண்டு 31 நாள், வேறோராண்டு 32. மார்கழிக்கு 29 அல்லது 30. நான்கு ஆண்டு வட்டத்தில் இது அடங்காது. ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கக்காரர் உட்கார்ந்து கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.