பூமியின் அடிவெப்பமும் பாறைத் தண்டும்

ஆழ்துளைக் கிணறு தோண்டுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். இயந்திரம் பாறையைத் தூளாக்கி வெளியே தள்ளுகிறது. அத்தூளைக் கொண்டு அடியிலுள்ள பாறை இன்னதென அறிகிறோம். தூளே மேலே வாராதாயின் அறிவது எங்ஙனம்? நிலத்தடி வெப்பத்தைத் தேடிச் சென்ற ஐஸ்லாந்து நாட்டார்க்கு இவ்வினாவே எழுந்தது.

பூமியினுள் செல்லச் செல்ல வெப்பம் மிகும். பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். எரிமலை நாடாகிய ஐஸ்லாந்தில் இது பன்மடங்கு அதிகம். அந்நாட்டு வீடுகளில் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தடி வெந்நீராலேயே சூடேற்றப்படுகின்றன. கண்ணாடிக் குடில்களில் தக்காளி விளைவிக்கவும் அவ்வெப்பமே துணை. இன்னும் ஆழத்திலுள்ள கடும் வெப்ப நீராவியைப் பெற்றால், ஒரே கிணற்றிலிருந்து பல மடங்கு மின்சாரம் எடுக்கலாம் என அவர்கள் கருதினர்.

முதற் கிணறு 2009-ஆம் ஆண்டில் கிராப்லாவில் தோண்டப்பெற்றது. நான்கு கிலோமீட்டர் ஆழத்தை நாடிச் சென்றவர்களுக்கு, ஏறத்தாழ 2,100 மீட்டரிலேயே உருகிய பாறைக்குழம்பு குறுக்கிட்டது. அக்கிணற்று நீராவியின் வெப்பம் 450 டிகிரியை எட்டியது. ஆயினும் வால்வு பழுதுற்றமையால் 2012-இல் அதனை மூட நேர்ந்தது.

இரண்டாவது, ரேக்யநெஸ் தீபகற்பத்தில் முன்பே இருந்த 2,500 மீட்டர் கிணற்றை ஆழப்படுத்தியதாகும். 2016 ஆகஸ்டில் தொடங்கி 2017 ஜனவரியில் 4,659 மீட்டரை எட்டினர். மூன்று கிலோமீட்டருக்குக் கீழே, துளையினுள் செலுத்திய நீர் முழுவதும் பாறை வெடிப்புகளில் மறைந்தது. நீர் திரும்பாமையால் பாறைத்தூளும் வரவில்லை.

அந்நிலையில் கைகொடுத்தது பாறைத் தண்டு எடுக்கும் முறை. நடுவே துளையுள்ள வெட்டுமுனை, பாறையை வளையமாக மட்டும் அறுக்கும். அறுபடாத நடுப்பாறை, கரும்புத் துண்டு போல் குழாயினுள் ஏறி அமரும். அதனை மேலே எடுத்தால் வெடிப்பும், கனிமமும், வெந்நீர் பாய்ந்த தடமும் கண்கூடாகத் தெரியும். காலமும் செலவும் மிகுதியாதலின், சில ஆழங்களில் மட்டுமே தண்டு எடுத்தனர். கிணற்றடியில் அளந்த வெப்பம் 427 டிகிரி.

உறைக்குழாய் சிதைந்தமையால் இக்கிணறும் மின்சாரம் தரவில்லை. அங்ஙனமாயின் செலவு வீணோ? அன்று. அத்துணை ஆழத்திலும் நீர் ஊடுருவும் பாறை உண்டென்பது தெளிவாயிற்று. சூட்டில் நீண்டு குளிரில் சுருங்கும் குழாயைத் திருத்தி அமைப்பதே அடுத்த பணி என்பதும் விளங்கியது.

நம் பஞ்சாயத்துக் கிணறுகளிலும் ஆழந்தோறும் வெளிவரும் பாறையின் தன்மையைப் பதிவேட்டில் எழுதி வைப்போமாக. நீர் காணாத கிணற்றின் குறிப்பும் அடுத்த கிணற்றுக்கு வழிகாட்டும்.