அம்மாவைவிட மகளுக்கே அதிகம் வேண்டும்

காலை ஏழேகால். அம்மா சடை பின்னிக்கொண்டிருக்க, எட்டாம் வகுப்பு மகள் நின்றபடியே ஓர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்கிறாள். "போதும்மா, வேன் வந்துரும்." இரண்டாவது இட்லி தட்டிலேயே காய்கிறது. மாலையில் டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. "சின்னப் பொண்ணு, அவ வயிறு அவ்வளவுதான்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். தப்பு அங்கேதான் நடக்கிறது.

எவ்வளவு கலோரி?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,400 கிலோ கலோரி வேண்டும். அதே வயதுப் பையனுக்கு 2,860. பதினாறு வயதைத் தொட்டால் 3,320. உட்கார்ந்தே வேலை பார்க்கும் அம்மாவுக்கு 1,660, அப்பாவுக்கு 2,110 போதும். வீட்டில் பெரிய தட்டு யாருக்கு வைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. ஓரளவு ஓடியாடும் பிள்ளைகளுக்கான அளவு இது. பள்ளி, டியூஷன், செல்போன் என்று உட்கார்ந்தே இருப்பவர்களுக்குச் சற்றுக் குறையும்.

இரும்புச்சத்து

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. வளர்ச்சியும் மாதவிலக்கும் சேர்ந்துகொள்ளும் வயதில் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. அது குறைந்தால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கும். அவளைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். உள்ளே வெளிறியிருந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். வெளிறாவிட்டாலும் களைப்பு தொடர்ந்தால் பரிசோதனை நல்லது.

முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், அசைவர்களுக்கு ஈரல், சுவரொட்டி என எல்லாம் நம் அடுப்படிக்குப் பழக்கமானவைதான். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துபோகும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரை பென்சில் பாக்ஸில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால் பதுக்கியிருப்பாள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள்.

புரதமும் கால்சியமும்

இந்த வயதில் நாளொன்றுக்குப் புரதம் ஏறக்குறைய 45 கிராம், கால்சியம் 1,000 மில்லிகிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் புரதம் இருக்கிறது. தெளிந்த சாம்பாரை ஊற்றிவிட்டுப் பருப்பு போட்டதாக நினைக்காதீர்கள். அடியிலிருந்து கலக்கி ஊற்றுங்கள். கால்சியத்துக்குப் பால், தயிர், கேழ்வரகு. ஜிம்முக்குப் போகும் பையன் புரதப் பொடி கேட்டால், முதலில் முட்டையும் சுண்டலும் கொடுங்கள்.

மாலை நாலரை மணி

பள்ளி விட்டு வரும்போதுதான் உண்மையான பசி. அந்த நேரத்தில் கையில் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் இருந்தால் ராத்திரிச் சாப்பாடும் கெடும். அவள் செருப்பைக் கழற்றும்போதே அடுப்படியில் கேழ்வரகு அடையோ தாளித்த கொண்டைக்கடலையோ சூடாக இருக்கட்டும். காலையில் காய்ந்துபோன அந்த இரண்டாவது இட்லிக்கு அப்போதுதான் ஈடு கிடைக்கும்.