சிறுசேரியில் ஒரு பூங்கா: யாரைக் கேட்டு வரையணும்?

ஆர்க்கிடெக்சர், பிளானிங், சோஷியல் ஒர்க் படிக்கிற நிறைய பேருக்கு இருக்கிற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "பூங்கா திட்டமிடல்ல இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு, மக்கள்கிட்ட கருத்துக் கேட்டு வாங்கன்னு அனுப்புறாங்க. அங்க போய் என்ன பண்றது?" பொதுவா பேசினா கைக்கு எதுவும் சிக்காது. அதனால ஒரு ஊரை வச்சே பேசுவோம்.

சிறுசேரின்னா நமக்கு சிப்காட், டி.சி.எஸ்., ஓ.எம்.ஆர். டிராஃபிக். மாதவரத்துல இருந்து வரப்போற மெட்ரோவோட கடைசி ஸ்டேஷனும் சிறுசேரி சிப்காட்லதான். ஆனா ஊர் நிர்வாகத்தைப் பார்த்தா, திருப்போரூர் ஒன்றியத்துல இருக்கிற ஒரு கிராம ஊராட்சி. பூங்கா விஷயத்துல இந்த ஒரு தகவல் நிறைய மாத்தும். எப்படின்னு வரேன்.

முதல்ல, இடம் எங்க இருந்து வருது? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்ன சொல்லுதுன்னா, 3,000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா, சாலைகளைக் கழிச்சு மிச்சத்துல 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்கணும். இதைத்தான் பிளானிங் ஆபீஸ்கள்ல 'ஓ.எஸ்.ஆர். லேண்ட்'னு சொல்வாங்க. 10,000 சதுர மீட்டர் வரைக்கும் நிலத்துக்குப் பதிலா வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்ட வழி இருக்கு. அதுக்கு மேலன்னா நிலமாத்தான் தரணும், தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கணும். ஓ.எம்.ஆர். மாதிரி வேகமா மனை விழுற பக்கத்துல, புதுப் பூங்காவுக்கான இடம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

இன்டர்னோட முதல் வாரம் இந்தக் காகிதங்கள்லயே போகும், போகணும். புல வரைபடம், அ-பதிவேடு ரெண்டையும் அரசோட இ-சர்வீசஸ் தளத்துல பார்க்கலாம். சர்வே எண்ணை வச்சு அந்த நிலம் என்ன வகைன்னு பாருங்க. மேய்க்கால் புறம்போக்கா, ஏரிக்கு வர்ற வரத்துக் கால்வாயா, ஓடையா? கூகுள் மேப்ல வெறும் பழுப்பு நிறமா தெரியுற இடத்துல தினமும் மாடு மேயலாம், மழைக்காலத்துல தண்ணி ஓடலாம். 'காலி இடம்'ங்கிற வார்த்தை மேல எனக்கு நம்பிக்கையே இல்லை.

அடுத்து, எண்றது. நான் இன்டர்னா இருந்தப்ப முதல்ல கையில கொடுத்தது ஸ்கெட்ச் பேனா இல்ல, ஒரு அட்டையும் மணிக்கணக்குப் போட்ட தாளும்தான். யார் வராங்க, என்ன வயசு, ஆணா பெண்ணா, எங்க உட்காருறாங்க, எவ்வளவு நேரம் இருக்காங்க. போரடிக்கிற வேலைதான். ஆனா 'உங்களுக்கு என்ன வேணும்?'னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான்: வாக்கிங் பாதை, ஊஞ்சல், ஓப்பன் ஜிம். தாள்ல இருக்கிற கட்டம் வேற கதை சொல்லும். சென்னையில பல பூங்காக்களை ரொம்ப காலமா மதியத்துல பூட்டியே வச்சிருந்தாங்க. டெலிவரி பண்றவங்களுக்கும் கட்டட வேலை செய்றவங்களுக்கும் நிழல் தேவைப்படுறது சரியா அந்த நேரத்துலதான்.

எண்ணிப் பார்த்ததால ஒரு ஊரே மாறின கதை வியன்னாவுல இருக்கு. 1990கள்ல அங்க நடந்த ஆய்வுல, ஒன்பது பத்து வயசுக்கு மேல பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வர்றது சட்டுனு குறையுதுன்னு தெரிஞ்சுது. யாரும் அவங்களைத் தடுக்கல. நடுவுல ஒரே பெரிய மைதானம், அதுல பசங்க ஃபுட்பால் ஆடினா மத்தவங்களுக்கு நிக்க இடமில்லை, அவ்வளவுதான். 1999-ல ரெண்டு பூங்காக்களை மாத்திப் பார்த்தாங்க. மைதானத்தைச் சின்னச் சின்ன இடங்களா பிரிச்சு, வெளிச்சமும் பாதையும் சரி பண்ணினாங்க. பெண் குழந்தைகள் திரும்ப வந்தாங்க. வராதவங்ககிட்ட கருத்துக் கேட்கணும்னா, பூங்காவுக்கு வெளியே, ஸ்கூல் வாசல்லயும் தண்ணி லாரி நிக்கிற இடத்துலயும் போய்க் கேட்கணும்.

இப்போ சிறுசேரிக்கு வருவோம். கிராம ஊராட்சியில மக்கள் கருத்துக்குன்னே சட்டப்படி ஒரு சபை இருக்கு: கிராம சபை. வருஷத்துக்கு ஆறு முறை கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனியா ஹால் புக் பண்ணி 'ஸ்டேக்ஹோல்டர் மீட்டிங்' போடுறதுக்கு முன்னாடி இந்தத் தேதிகளைப் பாருங்க. ஏரிக்கரையில எது வரைக்கும் தண்ணி ஏறும், எந்த வழியா மாடு போகும்னு தெரிஞ்ச பெரியவங்க அங்கதான் வருவாங்க.

ஆனா கிராம சபையோட உறுப்பினர் யார் தெரியுமா? அந்த ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்க. மதுரையில ஓட்டு வச்சுக்கிட்டு சிறுசேரி பக்கம் வாடகைக்கு இருக்கிற ஐ.டி. ஊழியர் உறுப்பினர் இல்லை. ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வந்து, அதே அபார்ட்மென்ட்டைக் கட்டிட்டு இருக்கிற தொழிலாளியும் இல்லை. சாயங்காலம் அந்தப் பூங்கா அதிகம் தேவைப்படுறதே இந்த ரெண்டு பேருக்குத்தான். மறுபக்கம், அபார்ட்மென்ட் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் சர்வே லிங்க் போட்டா ஊர்க்காரங்க காணாமப் போயிடுவாங்க. ஊழியருக்கு ஜாகிங் டிராக், ஊர்க்காரருக்கு மாட்டுப் பாதை. ரெண்டும் ஒரே பத்தடியில மோதுறதை வரைபடத்துல காட்டி, ரெண்டு தரப்பையும் அதே இடத்துல நிக்க வச்சுப் பேச வைக்கிறதுதான் இன்டர்ன் செய்யக்கூடிய உருப்படியான வேலைன்னு நான் சொல்வேன். ஹிந்தியோ ஒடியாவோ பேசுற ஒரு நண்பரைக் கூட்டிட்டுப் போங்க. வேலைத்தளத்துல சம்பள நாள் அன்னைக்கு மட்டும் போயிடாதீங்க, யாரும் நின்னு பேச மாட்டாங்க.

ரிப்போர்ட்ல 'மக்கள் விரும்புகிறார்கள்'னு ஒரே வரி எழுதாம, யார்கிட்ட, எங்க, எத்தனை மணிக்குக் கேட்டீங்க, யார்கிட்ட கேட்க முடியலன்னு எழுதுங்க. தமிழ்லயும் ஒரு பிரதி எடுத்து ஊராட்சி அலுவலகத்துல கொடுத்துட்டு வாங்க.

இன்டர்ன்ஷிப் தேடுறவங்களுக்கு: டிகிரி முடிச்சு 18 மாசத்துக்குள்ள இருந்தா, மத்திய அரசு 2020-ல தொடங்கின 'டியூலிப்' திட்டத்துல நகர உள்ளாட்சிகளுக்கு விண்ணப்பிக்கலாம். சிறுசேரி பக்கம் குடிவந்து, ஓட்டு இன்னும் சொந்த ஊர்லயே இருக்கிறவங்களுக்கு: தேர்தல் ஆணையத்தோட படிவம் 8, ஆன்லைன்லயே நிரப்பலாம், முகவரிச் சான்று ஒண்ணு போதும்.