4 டிகிரியில் உறையும் பனி

2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா. டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடிச்சு 11 பேர் இறந்தாங்க. சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெயும் வாயுவும் பீறிட்டுக்கிட்டே இருந்தது. மே மாதம், நாலு மாடி உயர இரும்புப் பெட்டியைக் கசிவு மேல கவிழ்த்து, எண்ணெயைக் குழாய் வழியா மேலே எடுக்கப் பார்த்தாங்க. பெட்டிக்குள்ள பனிக்கட்டி மாதிரி ஒண்ணு அடைச்சுக்கிச்சு.

அந்த ஆழத்தில் கடல்நீர் கிட்டத்தட்ட 4 டிகிரி. உறைநிலைக்கு மேலதானே, அப்புறம் எப்படிப் பனி? நானும் இங்கதான் குழம்பினேன்.

அது வெறும் பனி இல்லை, மீத்தேன் ஹைட்ரேட். தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்து கூண்டு கட்டும். உள்ளே மீத்தேன் உட்காரும். 46 தண்ணீர் மூலக்கூறுக்கு 8 கூண்டு. தண்ணீருக்கும் மீத்தேனுக்கும் வேதிப் பிணைப்பு கிடையாது. ஆனா உள்ளே ஆள் இல்லேன்னா கூண்டு நிக்காது.

இது 4 டிகிரியில் உருவாக, கிட்டத்தட்ட 40 வளிமண்டல அழுத்தம் போதும். அங்கே இருந்ததோ சுமார் 150! போதாக்குறைக்கு ஹைட்ரேட் கடல்நீரை விட லேசு. பெட்டியையே மேலே தூக்கப் பார்த்தது. முயற்சியைக் கைவிட்டாங்க. கசிவு நின்னது ஜூலை 15-ல்தான்.

வெப்பநிலையை மட்டும் பார்த்து உறையுமா உறையாதான்னு சொல்லிட முடியாது. அழுத்தத்தையும், கூட யார் இருக்காங்கங்கிறதையும் கேட்கணும்.