கசந்த பட்டை, பொன்னான கதை

உங்களுக்குத் தெரியுமா? ஊட்டி–கூடலூர் சாலையில் இருக்கும் நடுவட்டம் ஒரு காலத்தில் மருந்து விளைந்த ஊர். மலேரியாவை விரட்டும் சிங்கோனா மரத்தை 1860-களிலேயே ஆங்கிலேயர் இங்கே நட்டார்கள். பட்டையை உரித்து, காயவைத்து, கொய்னா மருந்து எடுக்க அரசு ஆலையும் வந்தது. ஆனால் வீரியமும் மலிவும் ஜாவா தீவின் பட்டைக்குத்தான். உலகக் கொய்னாவில் சுமார் 90 சதவீதம் அங்கிருந்தே போனது.

இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச்சில், ஜாவா ஜப்பானிடம் விழுந்தது; அங்கிருந்து வந்த கொய்னா நின்றது. பர்மா எல்லையில் குண்டைவிடக் கொசுவே அதிகம் பேரைச் சாய்த்துக்கொண்டிருந்த நேரம். நீலகிரிப் பட்டை திடீரெனப் பொன்னாயிற்று. நாக்கில் வைத்தால் முகம் சுளிக்கும் பொன்! தபால் நிலையத்தில் பொட்டலமாக விற்ற கொய்னாவை நம்பியிருந்த சாதாரண ஜனங்களுக்குத்தான் திண்டாட்டம். போருக்குப் பின் குளோரோகுயின் என்ற செயற்கை மருந்து வந்து, கொய்னாவின் மவுசைக் குறைத்தது. சிங்கோனா நின்ற சரிவுகளில் இப்போது தேயிலை.