ஸ்லைடுகளைப் போனில் படியெடுப்பது: சில குறிப்புகள்

அப்பாவின் பீரோவில் இருந்த ஸ்லைடு பெட்டியைப் போன மழைக்காலத்தில்தான் திறந்தேன். பாதி ஸ்லைடுகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. பாட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு படத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்தேன். பாட்டியின் முகம் துணியோடு வந்துவிட்டது. பூஞ்சை அரித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும் என்பது அதற்கப்புறம் தேடிப் படித்ததில்தான் தெரிந்தது.

காகிதப் படம் கெட்டால் நெகட்டிவ் இருக்கும், இன்னொன்று போட்டுக்கலாம். ஸ்லைடுக்கு அந்த வசதி இல்லை. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிமைத்தான் வெட்டி 5 செ.மீ. சதுரச் சட்டத்தில் மாட்டியிருப்பார்கள். அதனால் முதல் விதி: துடைக்காதீங்க, ஊதாதீங்க (எச்சில் படும்). ரப்பர் பல்பால் காற்றடித்துத் தூசியை மட்டும் எடுத்தால் போதும். பூஞ்சையோடு அப்படியே படமெடுங்க.

இரண்டாவது விதி: எப்படி இருக்கிறது என்று பார்க்க புரொஜெக்டரில் போடாதீங்க. 1935இல் வந்து 2009இல் நிறுத்தப்பட்ட கோடாக்ரோம், இருட்டில் வைத்தால் நிறம் நன்றாக நிற்கும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். வேறு பல பழைய ஃபிலிம்களில் இருட்டிலேயே நீலப்பச்சைச் சாயம் முதலில் போய், படம் முழுக்கச் சிவப்படித்துவிடும்.

இனி செய்முறை. வெளிச்சத்துக்கு ஒரு டேப்லெட் போதும். முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து பிரைட்னஸை முழுசாக ஏற்றுங்க. குறைத்து வைத்தால் சில திரைகள் மினுக்கும். படத்தில் பட்டை பட்டையாக விழும். ஸ்லைடை நேராகத் திரைமேல் வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து பதியும். அதனால் இரண்டு தீப்பெட்டிகளை நிறுத்தி, அதன்மேல் போட்டோ ஃபிரேம் கண்ணாடி, அதன்மேல் பட்டர் பேப்பர். கடைசியாக 4 செ.மீ. சதுர ஓட்டை வெட்டிய கறுப்பு சார்ட் பேப்பர். ஸ்லைடு அந்த ஓட்டைமேல் உட்காரும். ஃபிலிமின் மங்கலான பக்கம் கீழே, பளபளப்பான பக்கம் மேலே. மாற்றி வைத்தால் இடம் வலம் மாறிவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி, ஓட்டை போட்ட கெட்டி அட்டையைப் பாலம் மாதிரி வைத்து, அதன்மேல் போனைப் படுக்க வைங்க. 10, 12 செ.மீ. உயரத்தில் ஆரம்பித்து, ஃபோகஸ் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ரொம்பக் கிட்டே போனால் சில போன்கள் தானாக மேக்ரோவுக்கு மாறும், ஓரங்கள் வளையும். அதை அணைத்துவிட்டுக் கொஞ்சம் உயர்த்துங்க. அறை விளக்கு, ஃபிளாஷ், ஃபில்டர் எல்லாம் ஆஃப். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் பண்ணி, வெளிச்சத்தை ஒரு துளி குறைத்து, 2 விநாடி டைமரில் எடுத்தால் கை ஆடாது.

தரம் எப்படி? 12 மெகாபிக்சல் கேமராவில் ஸ்லைடு நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி அடைத்தால் மிஞ்சுவது கால் பங்கு, அதாவது 3 மெகாபிக்சல். 6×4 அங்குலப் பிரிண்டுக்கு அது போதும். பெரிதாக மாட்ட வேண்டிய நாலைந்தை மட்டும் நல்ல ஸ்கேனருக்குக் கொடுக்கலாம். எது அந்த நாலைந்து என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலை.

எடுத்த கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, நிறத்திருத்தத்தை இன்னொரு பிரதியில் செய்யுங்க. சட்டத்தில் பேனாவால் எழுதியிருப்பதையும் தனியாக ஒரு படம் எடுத்துவிடுங்க. அப்பாவின் கையெழுத்தில் "மே 78, பழனி" என்ற மூன்று சொல் இல்லாவிட்டால் அந்த மலை எது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

முடிந்ததும் ஸ்லைடைத் தூக்கிப் போடாதீங்க. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைங்க. படங்களை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதைப் போனிலேயே பதிவு பண்ணிக்கோங்க. என் அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. பாட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மூன்று பேரின் பெயர் இப்போது அவருக்கு மட்டும்தான் தெரியும்.