தாடையில் கட்டி, உள்ளங்கையில் குழி

முளைக்க வேண்டிய கடைவாய்ப் பல் முளைக்கவில்லை, கன்னம் லேசாக உப்பியிருக்கிறது என்று பதினைந்து வயதுப் பையனைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போகிறார்கள். ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு தாடைகளும் ஒரே படத்தில் விழும். எலும்பு வெளுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். ஒன்றே ஒன்று என்றால் சாதாரண நீர்க்கட்டியாக இருக்கலாம். மூன்று நான்கு இடங்களில் இருந்தால், மருத்துவர் அடுத்து அவனுடைய கையைப் பார்க்க வேண்டும்.

கையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலையை அழுத்தி எடுத்ததுபோல உள்ளங்கையில் சிறு குழிகள் தெரிகின்றனவா? வலிக்காது, அரிக்காது. அதனால் கைக்கு உரியவருக்கே அவை இருப்பது தெரிந்திருக்காது. தாடையில் இந்தக் கட்டி, உள்ளங்கையில் இந்தக் குழிகள் இரண்டும் சேர்ந்தால் அது பெரும்பாலும் கோர்லின் நோய்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கோர்லினும் ராபர்ட் கோல்ட்ஸும் 1960இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். முன்னவர் பல் மருத்துவர், மற்றவர் தோல் மருத்துவர். வாயைப் பார்ப்பவரும் தோலைப் பார்ப்பவரும் சேர்ந்து உட்கார்ந்ததால்தான் இது பிடிபட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றும் தவறுவது அங்கேதான். தாடையில் வரும் இந்தக் கட்டியின் சுவர் மிக மெல்லியது. சுரண்டி எடுத்தாலும் மிச்சம் தங்கி மறுபடி வளரும். ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர், வேறொரு பல். முழு ஆளை யாரும் பார்ப்பதில்லை.

பார்த்தால் தடயங்கள் வரிசையாக வரும். மார்பு எக்ஸ்ரேயில் ஒரு விலா எலும்பின் நுனி கவட்டைபோலப் பிளந்திருக்கலாம். மூளையின் இரு பாதிகளுக்கு நடுவேயுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கும். வெள்ளைத் தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் இளவயதிலேயே பல இடங்களில் வந்து காட்டிக்கொடுத்துவிடும். கருமையான தோலில் அது குறைவு. ஆகவே நம் ஊரில் தாடைக் கட்டிதான் பெரும்பாலும் முதல் துப்பு.

காரணம் பெரும்பாலும் ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள ‘பேட்ச்டு’ என்னும் மரபணு. பழ ஈயில் முதலில் அறியப்பட்ட இதற்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1996இல் தெரியவந்தது. செல்கள் பெருகச் சொல்லும் சமிக்ஞைக்கு இது பிரேக். பிரேக் பழுதானால் கட்டிகள் கிளம்புகின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு; பரம்பரையில் இல்லாமல் புதிதாகவும் வரும்.

பெயர் தெரிந்து என்ன பயன்? பெரும் பயன் உண்டு. இந்த நோயுள்ள சில குழந்தைகளுக்குச் சிறுமூளையில் புற்றுக்கட்டி வரும். நோய் இருப்பது தெரியாமல் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தால், கதிர் பட்ட தோலில் பின்னர் புற்றுகள் கூட்டமாக முளைக்கும். முன்பே தெரிந்திருந்தால் முடிந்தவரை கதிர்வீச்சைத் தவிர்த்து வேறு வழி பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தாடைக் கட்டி எடுத்திருந்தால் எக்ஸ்ரே படத்தையும் பயாப்சி அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். மீண்டும் கட்டி வந்தால் அவற்றை எடுத்துக்கொண்டு போய், உள்ளங்கையையும் பார்க்கச் சொல்லுங்கள்.